ஹட்டன் மாடியில் லண்டன் கோர்ட்

நான் ஹட்டனில் வழக்குப் பேசுகிற சட்டத்தரணி. பெயர் இராமையா. வேலித் தகராறு, ஜீவனாம்சம், பிறப்புச் சான்றிதழில் பெயர்ப் பிழை என்று என் பிழைப்பு ஓடுகிறது. லண்டனில் இருக்கிற ஒரு நீதிமன்றத்துக்கு நீ ஒருநாள் வேலை செய்வாய் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். 2006ஆம் ஆண்டு அது நடந்தது.

முதலில் ஒரு மின்னஞ்சல் வந்தது. லண்டனில் ஒரு தமிழ்த் தம்பதி பிரிந்துவிட்டார்கள். ஆறு வயது மகள் கௌசி யாரிடம் வளர வேண்டும் என்று குடும்ப நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது. அந்தக் குழந்தையைப் பிறந்ததிலிருந்து நான்கு வயதுவரை வீட்டோடு இருந்து வளர்த்தவர் நாகலெட்சுமி. இப்போது அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறார். அவரைச் சாட்சியாக விசாரிக்க வேண்டும். லண்டனுக்கு அழைப்பது நடக்கிற காரியமில்லை. ஆனால் அந்த நாட்டு நீதிமன்ற விதிகள் மாறியிருந்தன. வெளிநாட்டுச் சாட்சியை வீடியோ வழியாக விசாரிக்கலாம். சாட்சி இருக்கிற அறையில் ஒரு சட்டத்தரணி இருக்க வேண்டும். வேறு யாரையும் உள்ளே விடக் கூடாது. சாட்சிக்கு எதையும் சொல்லிக் கொடுக்கக் கூடாது. கேட்டால் ஒழிய அந்தச் சட்டத்தரணியும் வாயைத் திறக்கக் கூடாது. என் தொழிலில் இருப்பவனுக்கு அந்தக் கடைசி விதிதான் சிரமம்.

இன்னொரு விசேஷமும் இருந்தது. வழக்கமாகச் சாட்சி ஒருத்தியை ஒரு பக்கம் அழைத்தால் மறுபக்கம் அவள் வேண்டாம் என்று நிற்கும். இங்கே தகப்பனின் வழக்கறிஞரும் நாகலெட்சுமியைக் கேட்டார், தாயின் வழக்கறிஞரும் நாகலெட்சுமியைக் கேட்டார். ஒவ்வொருவரும் அவள் தங்கள் பக்கம்தான் பேசுவாள் என்று நம்பியிருந்தார்கள்.

விவரம் சொல்ல நானே அக்கரப்பத்தனைக்குப் போனேன். நாகலெட்சுமி மாலைக் கொழுந்து நிறுத்து முடித்து, கூடையோடு தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கிற லயத்துக்கு ஏறி வந்துகொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். உயரம் குறைவு, குரல் பெரிது. கணவர் நல்லமுத்து வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். மலையில் சறுக்கி விழுந்து கால் முறிந்ததால்தான் மனைவி லண்டனை விட்டுத் திரும்ப வேண்டி வந்தது. அந்தக் கால் இன்னும் சரியாக மடங்கவில்லை.

நாகலெட்சுமி லண்டன் போன கதையை அன்றைக்குத்தான் கேட்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கமலேஸ்வரி டீச்சர் அந்தத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் நீண்ட காலம் படிப்பித்தவர். டீச்சர் வீட்டு வேலைக்கு நாகலெட்சுமி சின்ன வயதிலேயே சேர்ந்தார். டீச்சருக்குப் பிறந்த மகள் தயானியை இடுப்பில் வைத்துத் திரிந்தவர் இவர்தான். தயானி படித்து, லண்டனில் ஆஸ்பத்திரித் தாதியாகி, ஆரூரன் என்பவரைக் கலியாணம் செய்து, கௌசியைப் பெற்றபோது டீச்சர் உயிரோடு இல்லை. தாய்க்குப் பதிலாகத் தயானி அழைத்துக்கொண்டது நாகலெட்சுமியை.

நான் வழக்கைச் சொன்னதும் அவர் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்தார்.

“பிரிஞ்சுட்டாங்களா? எனக்கு யாரும் சொல்லலையே. போன வருசம் தீவாளிக்குக்கூட போன் பேசுனாங்க.”

“ரெண்டு பேருமே உங்களத்தான் சாட்சியாக் கேக்குறாங்க.”

“ரெண்டு பேருமா? அப்ப நான் யாரு பக்கம் ஐயா?”

“யாரு பக்கமும் இல்ல. கேக்குறதுக்கு உள்ளதச் சொன்னாப் போதும்.”

அவர் கூடையின் கயிற்றைச் சுருட்டி உள்ளே வைத்தார். பிறகு, “கௌசியும் டீவில வருமா?” என்று கேட்டார்.

குழந்தைகளை நீதிமன்றத்துக்குக் கொண்டுவர மாட்டார்கள் என்றேன். முகம் வாடிவிட்டது. ஆனாலும் வருகிறேன் என்றார்.

ஹட்டனில் அப்போதுதான் வேகமான இணையம் வந்திருந்தது. அது இருந்த இடங்களில் ஒன்று பஸ் நிலையத்துக்குக் கிட்ட, ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் இருந்த கணினி வகுப்பு. அதன் உரிமையாளர் ஒரு பிற்பகல் மட்டும் வகுப்பை மூடி இடம் கொடுத்தார். முதல் நாள் ஒத்திகை பார்த்தபோது லண்டனிலிருந்து, ஜன்னல் வெளிச்சத்தில் சாட்சியின் முகம் கறுப்பாகத் தெரியும் என்றார்கள். கீழே புடவைக்கடையில் ஒரு கட்டில் விரிப்பு வாங்கி ஜன்னலை மறைத்தேன். பெரிய பெரிய ரோசாப்பூப் போட்ட விரிப்பு. ஜன்னல் அளவுக்கு வேறு விரிப்பு இல்லை.

விசாரணை நாளன்று நாகலெட்சுமி நீலச் சேலை கட்டி, தலை நிறைய எண்ணெய் வைத்து வந்தார். நல்லமுத்துவும் கூட வந்தார். அவரை உள்ளே விட முடியாது என்றதும் அவருக்குக் கோபம்.

“என் பொஞ்சாதிய வெள்ளக்காரன் கேள்வி கேப்பான், நான் கீழ நின்னு வேடிக்க பாக்கணுமா?”

“சட்டம் அப்படிங்க.”

“என்னா சட்டமோ,” என்று கோலை ஊன்றிக்கொண்டு எதிர்த் தேநீர்க்கடைக்குப் போனார்.

எங்களுக்குப் பிற்பகல், லண்டனில் காலை. திரை வெளுத்து, கோடு கோடாகி, ஒரு அறை தெரிந்தது. நீதிபதி ஒரு வயதான பெண்மணி. கண்ணாடியைச் சங்கிலியில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். இரண்டு பக்கமும் வழக்கறிஞர்கள். தகப்பன் பக்கம் ஒரு ஆண், தாயின் பக்கம் ஒரு பெண். அவர்களுக்குப் பின்னால் பெஞ்சு மாதிரி நீளமான வாங்கின் ஒரு முனையில் தயானி, மறுமுனையில் ஆரூரன். நடுவில் நான்கு பேர் உட்காரலாம்.

“ஐயோ, பாப்பா எளச்சுப் போச்சே,” என்றார் நாகலெட்சுமி. இன்னும் உறுதிமொழியே எடுக்கவில்லை.

மொழிபெயர்ப்பாளர் கனகலிங்கம் லண்டனில் நீதிபதிக்குப் பக்கத்தில் இருந்தார். யாழ்ப்பாணத்தவர், ஓய்வுபெற்ற வாத்தியார் போன்ற தோற்றம், கழுத்துப்பட்டி. எந்தப் புனித நூலின் மேல் சத்தியம் செய்கிறார் என்று அவர்கள் கேட்டார்கள்.

“எனக்கு புத்தகமெல்லாம் தெரியாதுங்க. மாரியம்மா மேல சத்தியமா உள்ளதச் சொல்றேன்.”

நூல் இல்லாமல் உறுதிமொழி போதும் என்றார் நீதிபதி. ஆனாலும் நாகலெட்சுமி மாரியம்மனை விடவில்லை; உறுதிமொழி முடிந்ததும் கண்ணை மூடிக் கும்பிட்டார். லண்டனில் எல்லோரும் காத்திருந்தார்கள்.

தகப்பனின் வழக்கறிஞர் முதலில் எழுந்தார். குழந்தையின் தாய் இரவு எத்தனை மணிக்கு வீடு திரும்புவார் என்று கேட்டார்.

“பாப்பா வாரத்துல மூணு நாளு லேட்டாத்தான் வரும். ஆஸ்பத்திரி வேலைங்க. சாப்புடாமக்கூட வந்து படுத்துக்கும்.”

கனகலிங்கம் அதை ஆங்கிலத்தில் சொன்னார். நீதிபதி கண்ணாடியை எடுத்து மாட்டினார். குழந்தை ஏன் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறது என்று கேட்டார்.

கனகலிங்கம் திகைத்துப் போனார். “அம்மா, பாப்பா எண்டு நீங்கள் ஆரைச் சொல்லுறியள்?”

“பாப்பாதாங்க. அந்தா ஒக்காந்திருக்கே.”

முப்பத்துநான்கு வயதுத் தயானி வாங்கிலிருந்து மெதுவாகக் கையை உயர்த்தினார். நீதிபதிக்கு விளங்கியபோது அவர் உதட்டைக் கடித்துக்கொண்டதைப் பார்த்தேன். அதற்குப் பிறகு கனகலிங்கம் பாப்பா வரும்போதெல்லாம் “அதாவது தாய்” என்று சேர்த்துச் சொன்னார்.

“அப்படியானால், தாய் வரும்போது குழந்தை தூங்கிவிட்டிருக்கும்?” என்றார் வழக்கறிஞர்.

“தூங்கிரும்.”

“நன்றி.” அவர் உட்காரப் போனார்.

“இருங்க. வந்ததும் என்னா செய்யும்னு கேக்கலையே. கோட்டக்கூடக் கழட்டாது. கௌசி கட்டில்கிட்ட கீழ ஒக்காந்து, அது கால புடிச்சுக்கிட்டே இருக்கும். சோறு ஆறிப் போகும். நான்தான் திட்டி எழுப்புவேன்.”

வாங்கின் முனையில் தயானி தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்துத் தாயின் வழக்கறிஞர். தகப்பன் எப்போதாவது குழந்தையைக் குளிப்பாட்டியிருக்கிறாரா என்று கேட்டார்.

“ஒரே ஒரு வாட்டிங்க. புள்ள நனையல, தம்பிதான் தொப்பலா நனைஞ்சுட்டாரு. அதுக்குப் பொறவு நான் விடல.”

“ஆக, அவருக்குக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தெரியாது.”

“குளிப்பாட்டத் தெரியாதுங்க. தோள்ல தூக்கி வச்சுக்கிட்டு ஊரெல்லாம் சுத்துவாரு. பார்க்குக்குப் போனா இருட்டுனாத்தான் வருவாங்க, ரெண்டு பேரும் சேறு. தொவைக்கிறது நானு.”

“அவர் வீட்டில் சத்தம் போடுவாரா?”

“போடுவாரு. டீவில கிரிக்கட் பாத்து.”

“மனைவியைப் பார்த்து?”

நாகலெட்சுமி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்; விதி அப்படி.

“போட்டாருங்க,” என்றார். குரல் இறங்கிவிட்டது. “பாப்பாவும் போட்டுச்சு. கடேசி வருசம் அதிகம். நானும் ரெண்டு பேரையும் ஏசுனேன். கேக்கல.”

“குழந்தை அப்போது என்ன செய்யும்?”

“ஓடியாந்து என் முந்தானைக்குள்ள பூந்துக்கும். காதப் பொத்திக்கும். அதப் பொத்துனாச் சண்ட நின்னுரும்னு நெனைக்கும்போல, சின்னப் புள்ளதானே.”

கனகலிங்கம் இதை மொழிபெயர்க்க நேரம் எடுத்தார். முந்தானைக்கு ஆங்கிலம் தேடினாரோ, வேறு எதுவோ. சொல்லி முடித்தபோது இரண்டு வழக்கறிஞர்களும் எழுதவில்லை. ஆரூரன் கையால் நெற்றியை மறைத்திருந்தார். ஹட்டனில் அந்நேரம் மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் விழுந்த சத்தம் லண்டன்வரை போயிருக்க வேண்டும். எதுவும் கேட்கவில்லை என்று சொல்லி நீதிபதி பத்து நிமிட இடைவேளை விட்டார்.

இடைவேளையில் இணைப்பைத் துண்டிக்க வேண்டாம், மீண்டும் கிடைக்காமல் போகலாம் என்று லண்டனிலிருந்து சொன்னார்கள். நீதிபதி போனார். வழக்கறிஞர்களும் வெளியே போனார்கள். திரையில் மிச்சமிருந்தது அந்த வாங்கு மட்டும். இந்த முனையில் ஒருவர், அந்த முனையில் ஒருவர். மழை திடீரென்று குறைந்துவிட்டது. நான் விரிப்பின் ஓரத்தால் நனைந்திருந்த ஜன்னல் படியைத் துடைத்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒலிவாங்கியை மூட மறந்துவிட்டேன்.

ஆரூரன் எழுந்து போய் மேசையில் ஐஸ் மிதந்த கூஜாவிலிருந்து ஒரு கிளாஸ் தண்ணீர் ஊற்றினார். தான் குடிக்கவில்லை. வாங்கின் மறுமுனைக்குக் கொண்டுபோய், தயானிக்குப் பக்கத்தில் வைத்தார். தயானி அதை எடுத்தார்.

“பாப்பா! ஐஸ் போட்ட தண்ணி குடிக்காத! ஒனக்குத் தொண்ட கட்டிக்கும்!”

லண்டன் நீதிமன்றத்தின் நான்கு சுவரிலும் நாகலெட்சுமியின் குரல் அடித்தது. இருவரும் தூக்கிவாரிப் போட்டதுபோல் திரையைப் பார்த்தார்கள். தயானியின் கையிலிருந்து தண்ணீர் மடியில் சிந்தியது. ஆரூரன் சட்டென்று கிளாசை வாங்கினார். பிறகு என்ன நினைத்தார்களோ, தயானி சிரித்தார். சிரிப்பு நடுவிலேயே அழுகையாக மாறி, முகத்தைப் பொத்திக்கொண்டார். ஆரூரன் கிளாசோடு நின்றார். நிற்பதா போவதா என்று தெரியாமல் நிற்கிற ஒரு மனிதன்.

“லெச்சுமியக்கா,” என்றார் திரையைப் பார்த்து, “சுகமா இருக்கிறியளே?”

“நான் நல்லா இருக்கேன் தம்பி, நீங்க…”

நான் பாய்ந்து போய் ஒலிவாங்கியை மூடினேன்.

“அம்மா! நடுவுல அவங்களோட பேசக் கூடாது! நான் சொன்னேன்ல!”

“தொண்ட கட்டிக்கும் ஐயா. சின்னதுலயே அப்புடித்தான்.”

சாட்சி, வழக்காளியோடு பேசிவிட்டாள். அது என் கண்காணிப்பில் நடந்தது. மறைத்தால் பிழை, சொன்னால் சாட்சியமே செல்லாது என்று ஆகிவிடலாம். நீதிபதி திரும்பி வந்ததும் எழுந்து நின்று, எனக்குத் தெரிந்த மிக மரியாதையான ஆங்கிலத்தில் நடந்ததைச் சொன்னேன். சாட்சி சொன்ன வார்த்தைகளை அப்படியே சொல்லுமாறு நீதிபதி கேட்டார். என்னை அல்ல, நாகலெட்சுமியை. அவர் அதே சத்தத்தில் திரும்பவும் சொன்னார். கனகலிங்கம் நிமிர்ந்து நின்று, ஒரு சொல் விடாமல், பாப்பா அதாவது தாய் என்பதையும் சேர்த்து, ஆங்கிலத்தில் சொன்னார்.

நீதிபதி இரண்டு வழக்கறிஞர்களிடமும் ஆட்சேபணை உண்டா என்று கேட்டார். இல்லை என்றார்கள். தாய்க்கு ஐஸ் இல்லாத தண்ணீர் கொண்டுவருமாறு நீதிமன்ற எழுதுவினைஞரிடம் சொன்னார்.

பிறகு அவரே ஒரு கேள்வி கேட்டார். “கௌசியைப் பற்றி இந்த நீதிமன்றத்துக்கு வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?”

நாகலெட்சுமி சேலைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டார். “சொல்றதுக்கு இல்லைங்க. கேக்கணும். அதுக்குப் பல்லு விழ ஆரம்பிச்சுருச்சா?”

சாட்சி கேள்வி கேட்க முடியாது. கனகலிங்கம் தயங்கி நீதிபதியைப் பார்த்தார், பிறகு மொழிபெயர்த்தார். நீதிபதி வழக்கறிஞர்களுக்குப் பின்னால் இருந்த வாங்கைப் பார்த்தார்.

“ரெண்டு,” என்றார் ஆரூரன், இரண்டு விரலைத் தூக்கி.

“மூண்டு,” என்றார் தயானி, அதே நேரத்தில். “முந்தநாள் ஒண்டு விழுந்தது.”

ஆரூரன் திரும்பிப் பார்த்தார். முந்தநாள் அவரிடம் குழந்தை இல்லை. தூக்கிய விரல்கள் அப்படியே நின்றன, பிறகு ஒவ்வொன்றாக மடங்கின. ஒரு பல் விழுந்ததற்கு இவ்வளவு இடிந்துபோன முகத்தை நான் பார்த்ததில்லை. தயானியும் அதைப் பார்த்தார். “உங்களுக்குக் காட்டவெண்டு எடுத்து வச்சிருக்கிறாள்,” என்று மெதுவாகச் சொன்னார். கனகலிங்கம் இதை மொழிபெயர்ப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார். யாரும் அவரைக் கேட்கவில்லை.

விசாரணை முடிந்தது. கீழே நல்லமுத்து நனைந்துபோய், வாழையிலைப் பார்சலோடு நின்றார்.

“செயிச்சது யாரு?” என்று கேட்டார்.

“தெரியலங்க. கௌசிக்கு மூணு பல்லு விழுந்துருச்சாம்,” என்றார் நாகலெட்சுமி.

சில வாரம் கழித்து லண்டனிலிருந்து எழுதினார்கள். வழக்கைத் தொடராமல் இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள். பள்ளிக்கூட நாட்களில் தாயிடம், வார இறுதியும் விடுமுறையில் பாதியும் தகப்பனிடம். நீதிபதி அதை ஏற்றுக்கொண்டார். நான் தொலைபேசியில் சொன்னபோது நாகலெட்சுமி, “அப்ப சேந்து இருக்க மாட்டாங்களா?” என்று கேட்டார். மாட்டார்கள் என்றேன். “நான் இன்னும் கொஞ்சம் ஏசியிருக்கணும்,” என்றார். அந்த வருத்தம் அவருக்குப் பிறகும் போகவில்லை.

அடுத்த ஓகஸ்டில் தயானி கௌசியைக் கூட்டிக்கொண்டு அக்கரப்பத்தனைக்கு வந்தார். என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். நாகலெட்சுமி லயத்தின் முன்பக்கத்துக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்து, கோழி அடித்து, அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார். வாடகை வான் வண்டியிலிருந்து இறங்கிய குழந்தை அவரைப் பார்த்தது, பிறகு தாயின் பின்னால் ஒளிந்துகொண்டது. அடையாளம் தெரியவில்லை.

நான் நாகலெட்சுமியின் முகத்தைப் பார்க்கப் பயந்தேன்.

“நாலு வயசுல என்னா ஞாபகம் இருக்கும்?” என்றார் அவர், யாரும் கேட்காமலே. “நீ உள்ள வா பாப்பா. மொதல்ல சாப்புடு. எலும்பும் தோலுமா வந்திருக்க.”

பகல் முழுதும் கௌசி அவரிடம் வரவில்லை. பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டியோடு விளையாடியது. நல்லமுத்துவின் கோலை வாங்கிக் குதிரை ஓட்டியது. ஆரூரனுக்குத் தொலைபேசி எடுத்து ஆட்டுக்குட்டியைப் பற்றி ஆங்கிலத்தில் நெடுநேரம் சொன்னது. தயானி தொலைபேசியை நாகலெட்சுமியிடம் கொடுத்தார். “தம்பி, சமைச்சுச் சாப்புடுறீங்களா?” என்று இவர் கேட்க, அந்தப் பக்கம் சமாளித்த பதில் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. தயானி சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போனார்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. வான் கதவு திறந்திருந்தது. கௌசி ஏறவில்லை. நாகலெட்சுமியின் முன்னால் வந்து நின்று அண்ணாந்து பார்த்தது. தமிழில் ஒவ்வொரு சொல்லாகத் தேடி, “நீங்களும் வாங்கோ,” என்றது. கையைப் பிடித்து வானுக்குள் இழுத்தது.

“ஐயோ, நான் எங்க கண்ணு வாறது, அடுப்புல ஒல வச்சிருக்கேன்,” என்று சொல்லிக்கொண்டே அவர் ஏறிவிட்டார். சமையல் சேலை, காலில் செருப்பில்லை. வான் போய்விட்டது.

மிச்சத்தை நல்லமுத்து பிற்பாடு ஹட்டனில் என்னைக் கண்டபோது சொன்னார். நானுஓயாவில் ரயில் கிளம்பும்வரை நாகலெட்சுமி பெட்டிக்குள்ளேயே உட்கார்ந்து, குழந்தை மடியில் தூங்கிப் போக, ஸ்டேஷன் மாஸ்டர் வந்து இறங்கச் சொன்ன பிறகுதான் இறங்கினாராம். பஸ்ஸுக்குக் காசில்லாமல், வானைத் திருப்பி அனுப்பிவிட்டது அப்போதுதான் நினைவுக்கு வர, தெரியாத ஒரு சிங்களப் பெண்மணியிடம் கதையெல்லாம் சொல்லிக் காசு வாங்கி வந்தாராம்.

“ஒல தண்ணி வத்தி பானை கருகிப் போச்சு,” என்றார் நல்லமுத்து கோபமாக. “நான் ஏச வாயத் தொறந்தேன். அவ என்னா சொல்றா தெரியுமா? புள்ள மடியில படுத்தப்ப வெயிட்டே இல்ல, சோறு குடுக்குறாங்களா இல்லையான்னு தெரியலங்கிறா. ஐயா, இனிமே எந்தக் கோர்ட்டுலருந்து கூப்புட்டாலும் எனக்குச் சொல்லாம அவள அனுப்பாதீங்க.”

நான் சரி என்றேன். அவர் கொஞ்சதூரம் போய்த் திரும்பி, அடுத்த ஓகஸ்டிலும் வருவார்களா, லண்டனுக்கு எழுதிக் கேட்க முடியுமா என்று கேட்டார்.